வாக்கு ஒருவருக்கு, பிரதிநிதி வேறொருவருக்கு: அமெரிக்க பிரைமரி சேவை எப்படி இருக்கிறது?

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் தொடங்கிக் கோடையின் வாசல்வரை, அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடத்துகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அதன் பெயர் பிரைமரி, சிலவற்றில் காகஸ், அதாவது கட்சிக் கூட்டம். யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்று அலச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த மதிப்புரை அந்தப் பக்கம் போகவில்லை. இந்த ஏற்பாட்டை வாக்காளர் பயன்படுத்தும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைவது எளிதா, தேர்வு செய்ய ஆள் இருக்கிறார்களா, கேட்டது கைக்கு வருகிறதா, வராவிட்டால் எந்த இடத்தில் நழுவுகிறது என்று மட்டும் பார்க்கிறது. நவம்பர் தேர்தலில் தவறாமல் வாக்களிக்கிற பலர் பிரைமரியைக் கோட்டை விடுவதால், நடைமுறை விவரங்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டரை. குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்து அது நாலுக்கும் ஏறும், ஒன்றுக்கும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே இந்தச் சேவையின் பெரிய குறை.

விளம்பரம் சொல்வது, மக்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று. விதிப்படி உங்கள் வாக்கு தீர்மானிப்பது கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை, அதாவது டெலிகேட்டுகளை. மாநாட்டில் பாதிக்கு மேல் டெலிகேட் வாக்கு யாருக்கோ அவரே வேட்பாளர். 2024இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 டெலிகேட்டுகள்; ஜெயிக்க 1,215 தேவை. நீங்கள் குறியிடும் பெயருக்கும் அந்த டெலிகேட் கணக்குக்கும் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த மூட்டில் உண்டாகிறவை.

நடத்துவது யார்

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கட்சிகளைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கட்சிகள் தனியார் அமைப்புகள். வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அவற்றின் சொந்த விதி. ஆனால் பிரைமரி பெரும்பாலும் மாநில அரசு நடத்துவது. வாக்குச்சாவடி, ஊழியர், அச்சு எல்லாம் பொதுப்பணத்தில். காகஸ் என்றால் நடத்துவதும் எண்ணுவதும் கட்சி ஆட்களே. ஆக, தேசியக் கட்சி விதி, மாநிலக் கட்சி விதி, மாநிலச் சட்டம் என்று ஒரே கவுன்டருக்கு மூன்று முதலாளிகள். அவர்கள் ஒத்துப்போனால் நமக்கு எதுவும் தெரியாது. முட்டிக்கொண்டால் அடி வாக்காளருக்கு.

நல்ல உதாரணம் 2024 நெவாடா. மாநிலச் சட்டம் பிரைமரி நடத்தச் சொன்னது; பிப்ரவரி 6 அன்று நடந்தது. அங்குள்ள குடியரசுக் கட்சியோ அதை ஏற்காமல் பிப்ரவரி 8 அன்று தனியாகக் காகஸ் நடத்தியது. பிரைமரியில் நின்றவர் காகஸில் நிற்கக் கூடாது, 26 டெலிகேட்டுகளும் காகஸ் வழியாக மட்டுமே என்று விதி வைத்தது. டிரம்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலி பிரைமரியில் நின்றார், டிரம்ப் காகஸில் நின்றார். பிரைமரி வாக்குச் சீட்டில் டிரம்ப் பெயரே இல்லை. ஆனால் நெவாடாவில் 'இவர்களில் எவரும் இல்லை' என்று ஒரு வரி உண்டு. அந்த வரி 60 சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஹேலியைத் தோற்கடித்தது. அரசு செலவில், சட்டப்படி நடந்த அந்த வாக்கெடுப்பில் ஒரு டெலிகேட்கூட பங்கிடப்படவில்லை.

அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் கதை வேறு. நாட்டிலேயே முதல் பிரைமரி தங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும், அதைப் போன்ற வேறெந்தத் தேர்தலுக்கும் குறைந்தது 7 நாள் முந்த வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது. மாநிலம் கேட்கவில்லை, ஜனவரி 23 அன்று நடத்தியே விட்டது. அப்போதைய அதிபர் பைடன் தன் பெயரைச் சீட்டில் சேர்க்கவில்லை. ஆதரவாளர்கள் வெற்றுக் கோட்டில் கையால் எழுதியே அவரை 60 சதவீதத்துக்கும் மேல் வாக்கோடு ஜெயிக்க வைத்தார்கள்.

உள்ளே நுழைவது

முதல் நிபந்தனை குடியுரிமை. கிரீன் கார்டு போதாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவுக் கேள்வியும் படிவத்தில் வரும். பழக்க தோஷத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டுப் பின்னால் நாடுகடத்தல் வழக்கு வரை மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டத்தை வாசிக்காமல் தாண்ட வேண்டாம். (நன்கொடை விதி வேறு: கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது.)

வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நவம்பருக்குப் போதும். பிரைமரிக்குப் பல மாநிலங்களில் எந்தக் கட்சி என்றும் பதிவாகியிருக்க வேண்டும். நியூயார்க், ஃபுளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாந்து எல்லாம் மூடிய வகை. கட்சி குறிப்பிடாதவருக்கு அதிபர் பிரைமரிச் சீட்டு கிடையாது. டெக்சாஸ், வர்ஜீனியா, ஜார்ஜியா, மிச்சிகன் திறந்த வகை. பதிவில் கட்சியே இல்லை, ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டெக்சாஸில் ஒரு சின்ன நிபந்தனை: மார்ச்சில் எந்தக் கட்சிச் சீட்டை எடுத்தீர்களோ, மற்றப் பதவிகளுக்கு நடக்கும் மறுசுற்றிலும் அதே கட்சிச் சீட்டுதான்.

ஆள் நழுவுவது பெரும்பாலும் கெடுவில். மோசமான உதாரணம் பழைய நியூயார்க் விதி. 2016 ஏப்ரல் 19 பிரைமரிக்குக் கட்சி மாற்றம் செய்யக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கு மேல் முன்னதாக! டிரம்பின் பிள்ளைகள் இவாங்கா, எரிக் இருவரும் இந்தக் கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே வாக்களிக்க முடியாமல் போனார்கள். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, கெடு பிரைமரி நடக்கும் ஆண்டின் பிப்ரவரி 14 என்று ஆனது. பரவாயில்லை ரகம். ஃபுளோரிடாவில் 29 நாள் முன்பு, பென்சில்வேனியாவில் 15 நாள் முன்பு. நியூ ஜெர்சி பாதி திறந்தது: கட்சி சேராதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிச் சீட்டு வாங்கலாம், ஆனால் ஒரு கட்சியில் பதிவானவர் மற்றதற்கு மாற 55 நாள் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் இன்னும் தாராளம். கட்சி சாராதவர் ஒரு சீட்டை எடுத்து வாக்களித்துவிட்டு, வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுப் பழையபடி கட்சி சாராதவராகிவிடலாம்.

கலிஃபோர்னியாவில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, 'கட்சி விருப்பம் இல்லை' என்று பதிவு செய்தவருக்குத் தபாலில் வரும் சீட்டில் அதிபர் பகுதியே இருக்காது. ஜனநாயகக் கட்சிச் சீட்டு வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்டு வாங்க வேண்டும். குடியரசுக் கட்சிச் சீட்டு கேட்டாலும் கிடைக்காது, கட்சியில் பதிந்தே ஆக வேண்டும். இரண்டு, படிவத்தில் அமெரிக்கன் இண்டிபென்டென்ட் என்று ஒரு பெயர் இருக்கும். அது சுயேச்சை என்று நினைத்துக் குறிப்பவர்கள் ஏராளம். அது தனிக் கட்சி. அதில் பதிந்தவருக்கு அந்தக் கட்சியின் சீட்டு மட்டுமே வரும்.

வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாம் தபால். வசதி அருமை, ஆனால் சீட்டில் இரண்டு கட்சிப் பட்டியலும் இருக்கும். திருப்பி அனுப்பும் உறையின் மேல் எந்தக் கட்சி என்று ஒரு பெட்டியைக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டாலோ, உறையில் ஒன்றும் சீட்டில் வேறொன்றுமாகக் குறித்தாலோ வாக்கு எண்ணப்படாது. உள்ளே ஒழுங்காகக் குறித்துவிட்டு உறையை மறப்பதுதான் அங்கே வழக்கமான தவறு.

வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் கவனிக்க: நவம்பர் தேர்தலுக்குள் 18 நிறைந்துவிடும் என்றால் வர்ஜீனியா, மேரிலாந்து, ஒஹாயோ, இல்லினாய், இண்டியானா உட்படப் பல மாநிலங்களில் பிரைமரிக்கு இப்போதே வாக்கு உண்டு. பள்ளிகளில் இதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

சீட்டில் யார் இருக்கிறார்கள்

தேர்வு செய்ய ஆள் இருக்கிறார்களா என்பது வேட்பாளர்களின் பணத்தையும் கையெழுத்து சேகரிக்கும் ஆள்பலத்தையும் பொறுத்தது. நியூ ஹாம்ப்ஷயரில் 1,000 டாலர் கட்டினால் பெயர் சீட்டில். அதனால் அங்கே பட்டியல் எப்போதும் நீளம், பாதிப் பேர் யாரென்றே தெரியாது. 2024இல் தென் கரோலினா குடியரசுக் கட்சி வாங்கிய கட்டணம் 50,000 டாலர். நெவாடா காகஸுக்கு 55,000. இண்டியானாவில் பணத்துக்குப் பதில் கையெழுத்து: ஒன்பது காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் 500. மொத்தமாக 4,500 சேர்த்துக் கொடுத்தாலும் ஒரு தொகுதியில் 490 நின்றால் தள்ளுபடி. 2012இல் வர்ஜீனியா 10,000 கையெழுத்து கேட்டது. மிட் ராம்னி, ரான் பால் இருவர் மட்டுமே தேறினார்கள். அந்த மாநிலத்திலேயே குடியிருந்த நியூட் கிங்ரிச் தேறவில்லை. பிறகு எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

பதவியில் இருக்கும் அதிபர் மறுபடி நிற்கும் ஆண்டில் சேவை கிட்டத்தட்ட மூடப்படுகிறது என்றே சொல்ல வேண்டும். 2020இல் பல மாநிலங்களில் குடியரசுக் கட்சி பிரைமரியையோ காகஸையோ ரத்து செய்தது. 2024இல் ஃபுளோரிடா ஜனநாயகக் கட்சி பைடன் பெயரை மட்டும் அனுப்பியது. ஒரே பெயர் என்றால் தேர்தலே வேண்டாம் என்பது அந்த மாநிலச் சட்டம். வட கரோலினாவில் தேர்தல் நடந்தது, சீட்டில் இருந்த ஒரே வேட்பாளர் பைடன். எந்தக் கட்சியும் இதில் யோக்கியம் இல்லை.

வாக்கு டெலிகேட் ஆகும் விதம்

இங்கே நிதானமாகப் படியுங்கள். கட்சிக்கு ஒரு கணக்கு.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் ஒரே விதி: விகிதாசாரம், ஆனால் குறைந்தது 15 சதவீதம் வாங்க வேண்டும். 14.9 வாங்கியவருக்குப் பூஜ்யம். அவர் வாக்குகளைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பங்கிடுவார்கள். இந்த 15 சதவீதத் தேர்வு மாநில அளவில் ஒருமுறை, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் தனித்தனியாக ஒருமுறை. அதனால் மாநில அளவில் தோற்றவரும் தன் கோட்டையான தொகுதியில் ஒன்றிரண்டு எடுத்துவிடலாம்.

இதில் ஒரு சுவையான சிக்கல், தொகுதிக்கு ஒதுக்கிய எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது. இருவர் மட்டும் மோதும் தொகுதியில் 3 டெலிகேட் என்றால், 51 சதவீதம் வாங்கியவருக்கு 2, மற்றவருக்கு 1. அதே மோதலில் 4 டெலிகேட் என்றால் 51க்கும் 2-2, 60க்கும் 2-2, 62.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் 3-1. ஆக ஒற்றைப்படைத் தொகுதியில் ஒரு சில வாக்குக்கு மதிப்பு அதிகம், இரட்டைப்படையில் பெரிய அலை அடித்தாலும் சமன். விவரமான பிரசாரக் குழுக்கள் விளம்பரப் பணத்தை இந்தக் கணக்குப் பார்த்துத்தான் பிரிக்கின்றன. 2008 நெவாடாவில் ஹிலாரி கிளின்டன் அதிக ஆதரவு பெற்றார். டெலிகேட் கணக்கில் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. அதே ஆண்டு டெக்சாஸ் இன்னும் விசித்திரம்: பகலில் பிரைமரி, இரவில் காகஸ், இரண்டுக்கும் தனித்தனி டெலிகேட். பிரைமரியில் ஹிலாரிக்கு 65, ஒபாமாவுக்கு 61. காகஸில் ஒபாமாவுக்கு 38, ஹிலாரிக்கு 29. கூட்டினால் ஒபாமா 99, ஹிலாரி 94. பகலில் வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் பாதி வேலையைத்தான் செய்தார்கள். இந்த இரட்டை முறையை டெக்சாஸ் பின்னர் கைவிட்டது. நல்லது.

சின்ன இடத்தில் இதே கணக்கு எப்படித் தெரியும் என்றால், 2024இல் அமெரிக்க சமோவா. பதிவானது 91 வாக்கு. ஜேசன் பால்மர் என்ற அறியப்படாத தொழில்முனைவோர் 51, அதிபர் பைடன் 40. டெலிகேட் ஆளுக்கு 3. (சமோவா, குவாம், போர்ட்டோ ரிக்கோவாசிகளுக்கு நவம்பரில் அதிபர் தேர்தல் வாக்கே கிடையாது, வேட்பாளரைத் தேர்வதில் மட்டும் உண்டு.)

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மார்ச் 15க்கு முன் வாக்களிக்கும் மாநிலங்கள் ஏதாவது ஒரு விகிதாசாரம் வைக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் 50 சதவீதத்தைத் தாண்டினால் மொத்தமும் அவருக்கே என்று சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. 2024 கலிஃபோர்னியாவில் அப்படித்தான் 169 டெலிகேட்டும் டிரம்புக்குப் போயின. மார்ச் 15க்குப் பின் முதலிடம் பிடித்தவருக்கே அத்தனையும் என்று வைக்கலாம். ஆரம்ப மாநிலங்களுக்குச் சலுகையும் உண்டு: 2016 தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், டெலிகேட் 50க்கு 50. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்களின் விருப்பத்துக்கு மாநாட்டில் ஒரு நாற்காலியும் இல்லை. ஐந்தாறு பேர் போட்டியிடும் ஆண்டில் இந்த முறை, பெரும்பான்மை விரும்பாதவரையும் மேலே ஏற்றிவிடும். நாற்பது சதவீதத்தைத் தாண்டாமலேயே ஒருவர் ஓடி முடித்துவிடலாம் என்ற நிலையில், அவரை விரும்பாத வாக்காளர் செய்ய வேண்டியது தனக்குப் பிடித்தவரைத் தேடுவதல்ல. ஜெயிக்கக்கூடிய ஒருவரின் பின்னால் சீக்கிரம் திரள்வது. அதைச் சொல்லும் வரி சீட்டில் எங்கும் இருக்காது.

இதைவிட மோசமான வடிவம், டெலிகேட்டின் பெயரையே வாக்காளர் குறிப்பது. 2016 பென்சில்வேனியா குடியரசுப் பிரைமரியில் 71 டெலிகேட்டுகளில் மாநில வெற்றியாளருக்குக் கட்டுப்பட்டவர்கள் 17 பேர்தான். மீதி 54 பேரைத் தொகுதிக்கு மூவராக மக்கள் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்கள் யாரை ஆதரிக்கிறார்கள் என்று சீட்டில் ஒரு எழுத்தும் இல்லை, யாருக்கும் கட்டுப்பட வேண்டியதும் இல்லை. அதே ஆண்டு இல்லினாயில் டெலிகேட் பெயருக்குப் பக்கத்தில் வேட்பாளர் பெயரும் அச்சானது. அப்படியும், அந்நியமாக ஒலிக்கும் பெயர்கொண்ட டிரம்ப் டெலிகேட்டுகளுக்கு, அதே தொகுதியில் நின்ற மற்ற டிரம்ப் டெலிகேட்டுகளைவிட வாக்கு குறைந்தது. நம்மவர் யாராவது டெலிகேட்டாக நிற்க நினைத்தால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

காகஸ்: ஐந்துக்கு ஒன்று

காகஸ் என்பது ஒரு குறிப்பிட்ட மாலையில், குறிப்பிட்ட நேரத்துக்கு, பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி நடத்தும் கட்சிக் கூட்டம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், கைக்குழந்தைக்காரர், நடக்க முடியாத முதியவர் எல்லோரும் தானாகவே கழிகிறார்கள். எவ்வளவு பேர் கழிகிறார்கள் என்பதற்கு 2016 வாஷிங்டன் மாநிலம் கையில் கொடுத்த சான்று போல வேறில்லை. மார்ச்சில் நடந்த ஜனநாயகக் கட்சிக் காகஸுக்கு வந்தவர்கள் சுமார் 2,30,000 பேர். பெர்னி சாண்டர்ஸ் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். மே மாதம் அதே மாநிலம் நடத்திய தபால் பிரைமரியில் சுமார் 8 லட்சம் பேர் வாக்களித்தார்கள், ஹிலாரி ஜெயித்தார். டெலிகேட் பங்கீடு காகஸ்படி. எட்டு லட்சம் வாக்கும் வெறும் கருத்துக்கணிப்பு. 2020இல் அந்தக் கட்சியே பிரைமரிக்கு மாறியது.

எண்ணிக்கையிலும் காகஸ் நம்பத் தகுந்ததல்ல. 2012 ஜனவரி 3 இரவு அயோவாவில் ராம்னி 8 வாக்கில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரிக் சான்டோரம் 34 வாக்கு முன்னிலை என்றார்கள். 8 இடங்களின் முடிவுத்தாள் கிடைக்கவே இல்லை. உச்சம் அதற்குப் பின்னால்: அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால், அடுத்தடுத்த கூட்டங்களில் பொறுமையாக உட்கார்ந்திருந்த ரான் பால் ஆதரவாளர்கள் டெலிகேட் இடங்களைப் பிடித்தார்கள். காகஸில் மூன்றாவதாக வந்தவருக்கு மாநாட்டில் அயோவாவின் 28 டெலிகேட்டுகளில் 22 பேர் வாக்களித்தார்கள். அதன் பிறகுதான் மாநில அளவில் வாக்கெடுப்பு நடத்தினால் டெலிகேட்டுகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று குடியரசுக் கட்சி விதியை இறுக்கியது.

2020இல் ஜனநாயகக் கட்சியின் முறை. அயோவாவில் முடிவு அனுப்பச் செய்திருந்த செயலி பழுதானது, பதிலுக்கு வைத்திருந்த தொலைபேசி இணைப்பு அடைத்துக்கொண்டது, கணக்குத் தாள்களில் கூட்டல் பிழை. அந்த ஆண்டு முதன்முறையாக மூன்று எண்களை வெளியிட்டார்கள்: முதல் சுற்றில் யாருக்கு எத்தனை பேர், 15 சதவீதம் எட்டாத வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் வேறொருவர் பக்கம் மாறிய பின் எத்தனை பேர், அது மாநில டெலிகேட்டாக எத்தனை. முதல் இரண்டிலும் சாண்டர்ஸ் முன்னிலை. மூன்றாவதில் பீட் புட்டிஜட்ஜ். தேசிய டெலிகேட் 14-12 என்று புட்டிஜட்ஜ் பக்கம். தேர்தல் முடிவுகளை அறிவிக்கும் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் வெற்றியாளரை அறிவிக்கவே மறுத்துவிட்டது.

முன்கூட்டி வாக்களிப்பதன் விலை

தபால் வாக்கு வசதிதான். ஆனால் நவம்பர் தேர்தலைப் போல இங்கே வேட்பாளர்கள் கடைசிவரை நிற்பதில்லை. பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய், 2020இல் மார்ச் 3. அதற்கு இரண்டு நாள் முன்பு புட்டிஜட்ஜ் விலகினார், முந்தின நாள் ஏமி க்ளோபுச்சர் விலகினார். கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற இடங்களில் அதற்குள் அவர்களுக்கு வாக்களித்து அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. போட்டி இன்னும் திறந்திருக்கும் ஆண்டில் சீட்டை நிரப்பாமல் வீட்டில் வைத்திருந்து, கடைசி இரண்டு நாளில் அதிகாரபூர்வப் பெட்டியில் நேரில் போடுவதே சரி. தபாலில் கடைசி நேரத்தில் போடுவது வேறு ஆபத்து. எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. 2020இல் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஜனநாயகக் கட்சிகள் தரவரிசை வாக்கு வைத்தன. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண் போட வேண்டியது. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, மிஞ்சியவர்கள் எல்லோரும் 15 சதவீதத்தைத் தாண்டும்வரை வாக்கை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். விலகியவருக்குப் போட்ட வாக்கும் வீணாகாது. தபால், தரவரிசை, விகிதாசாரம் மூன்றும் சேர்ந்த இந்த வடிவத்துக்குத்தான் மேலே சொன்ன நாலு மதிப்பெண்.

தாமதமாக வருபவருக்கு என்ன கிடைக்கும்

சுருக்கமாக: பெரும்பாலும் ஒன்றுமில்லை. 2024இல் பைடன், டிரம்ப் இருவரும் மார்ச் 12 அன்றே தேவையான டெலிகேட்டை எட்டிவிட்டார்கள். நியூயார்க் வாக்களித்தது ஏப்ரல் 2, பென்சில்வேனியா ஏப்ரல் 23, நியூ ஜெர்சி ஜூன் 4. இதற்குப் பயந்து முந்த நினைக்கும் மாநிலங்களுக்கு அபராதம்: 2012இல் ஃபுளோரிடா அவசரப்பட்டு ஜனவரியில் நடத்தியதால் குடியரசுக் கட்சி அதன் 99 டெலிகேட்டைப் பாதியாக வெட்டி 50 ஆக்கியது. அப்படியும் அந்த 50 ஜனவரியில் கிடைத்ததால் மதிப்பு குறையவில்லை என்பதே ஃபுளோரிடாவின் கணக்கு. தப்பென்று சொல்ல முடியாது.

மாநாடு

1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமல் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். வெளியே தெருவில் போராட்டக்காரர்களுக்கும் போலீசுக்கும் மோதல், ரத்தம். அதன் பிறகு டெலிகேட் தேர்வு விதிகளைத் திருத்தக் கட்சி அமைத்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் ஆணையம்தான் இன்றைய முறைக்கு அடிப்படை. அதற்கு முன் மாநாடுதான் எல்லாம்: 1924இல் ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுக்க அதே கட்சிக்கு 103 சுற்று தேவைப்பட்டது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால். அந்த விதி 1936இல் போயிற்று. கடைசியாக மாநாட்டுக்குள் போகும்போது முடிவு தெரியாமல் இருந்தது 1976 குடியரசுக் கட்சியில்: ஃபோர்டு 1,187, ரீகன் 1,070.

சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது மக்கள் வாக்கு இல்லாமல் பதவியால் இடம் பெறும் எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள், 1984 முதல் ஜனநாயகக் கட்சியில் உண்டு, எழுநூறுக்கு மேல். 2018 திருத்தப்படி, இழுபறி இருக்கும் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை. இரண்டாம் சுற்று வந்தால் உண்டு. நல்ல திருத்தம், இன்னும் சோதித்துப் பார்க்கப்படவில்லை.

கேட்டது கைக்கு வராமல் போகும் கடைசி வழி, ஜெயித்தவரே விலகுவது. 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகினார். ஏறக்குறைய எல்லா டெலிகேட்டும் அவருக்கென்று தேர்வானவர்கள். ஜனநாயகக் கட்சி விதி, தங்களைத் தேர்ந்தவர்களின் மனநிலையை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்கிறதே தவிரப் பூட்டுப் போடவில்லை. வேட்பாளர் விலகினால் டெலிகேட் சுதந்திரமானவர். போட்டியிட 300 டெலிகேட் கையெழுத்து வேண்டும், ஒரு மாநிலத்திலிருந்து 50க்கு மேல் கூடாது என்று விதி வைத்தார்கள். அந்த எண்ணிக்கையை எட்டியவர் கமலா ஹாரிஸ் ஒருவரே. ஆகஸ்ட் 5 அன்று இணையவழி வாக்கெடுப்பு முடிந்தது, மாநாடு கூடியது ஆகஸ்ட் 19. விதிப்படி எல்லாம் சரி. அந்த ஆண்டு பிரைமரியில் யாரும் அதிபர் பதவிக்கு ஹாரிஸ் பெயரைத் தேர்வு செய்யவில்லை என்பதும் சரி.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு

முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே மாநிலத் தேர்தல் துறையின் இணையப் பக்கத்தில் உங்கள் பதிவைத் திறந்து கட்சி என்ன என்று பாருங்கள். மாற்ற வேண்டுமானால் அப்போதே மாற்றுங்கள். முன்கூட்டிச் செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். அடுத்து, உங்கள் மாநிலக் கட்சியின் டெலிகேட் தேர்வுத் திட்டத்தைத் தேடிப் படியுங்கள். ஜனநாயகக் கட்சியின் மாநிலக் கிளைகள் அதை 30 நாள் பொதுக் கருத்துக்கு வைக்க வேண்டும். குறைந்தபட்ச சதவீதம், தொகுதிக்கு எத்தனை இடம், கெடு எல்லாம் அதில் இருக்கும்.

டெலிகேட்டாகவே போக விரும்பினால் அந்தத் திட்டத்தில் உள்ள மனுவை நிரப்பி, யாருக்கு ஆதரவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஜனநாயகக் கட்சியில் அந்த வேட்பாளரின் குழு பட்டியலைப் பார்த்து நம்பிக்கை இல்லாதவர்களை நீக்கும் உரிமை பெற்றிருக்கிறது. ஆண், பெண் எண்ணிக்கையும் சமமாக வர வேண்டும் என்பதால் வாக்கு அதிகம் வாங்கியும் இடம் கிடைக்காமல் போகலாம். தேர்வானால் விமானம், விடுதி, சாப்பாடு பொதுவாக உங்கள் செலவு. மாநாட்டு வாரத்தில் விடுதி விலை ஏறும்; கட்சி ஒதுக்கும் விடுதியிலேயே தங்க வேண்டியிருக்கும் என்பதால் பல ஆயிரம் டாலர் ஒதுக்கி வையுங்கள்.